அக்கரைப் பெண்ணுக்கா, அடுத்த மேசைப் பெண்ணுக்கா?

கேள்வி: அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, பெண்களின் நலனுக்காக மாதந்தோறும் ஒரு தொகை திரட்டுகிறோம். ஆப்கன் சிறுமிகளின் படிப்புக்கு அனுப்பலாம் என்கிறேன் நான். “முதலில் நம் நாட்டுப் பெண்களைப் பார்ப்போம்” என்கிறார் பொருளாளர். குழுவின் தலைவர் நான், இருவருமே ஆண்கள். மற்ற பத்துப் பேரில் ஏழு பேர் பெண்கள். இதற்கிடையில், எங்களுடன் வேலை பார்க்கும் ஒரு பெண் வீட்டில் கணவரிடம் அடிபடுகிறார் என்று தெரியவந்திருக்கிறது. அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அது காத்திருக்க முடியாத விஷயம்.

பன்னிரண்டு பேரும் கூடி அவரைப் பற்றிப் பேசாதீர்கள். அவருக்கு நெருக்கமான பெண் ஒருவர் தனியாகப் பேசட்டும். கைப்பேசியில் செய்தி அனுப்பவே வேண்டாம். இத்தகைய வீடுகளில் மனைவியின் போனைக் கணவர் எடுத்துப் பார்ப்பது சர்வ சாதாரணம். நல்லெண்ணத்தோடு அனுப்பிய ஒரு வரி அன்றிரவே அடியாக விழலாம். “ஏன் இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்?” என்ற கேள்வி வேண்டாம். “உடனே வெளியே வந்துவிடுங்கள்” என்ற வற்புறுத்தலும் வேண்டாம். பிரிந்துபோக முடிவெடுக்கும் நாட்களிலும் பிரிந்த கையோடும்தான் பல பெண்களுக்கு ஆபத்து அதிகம். எப்போது, எப்படி என்று அவர்தான் கணிக்க வேண்டும். அந்த வீட்டை அவரைவிட அறிந்தவர் நம்மில் யாருமில்லை.

“நீங்கள் சொல்வதை நம்புகிறேன். இப்போது உங்களுக்கு என்ன தேவை?” என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பெரிதாக எதுவும் கேட்க மாட்டார். சான்றிதழ்களின் நகல்களை வைக்க அலுவலகத்தில் பூட்டுள்ள ஓர் இழுப்பறை, நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்கும் ஒரு எண், சம்பளம் தன் தனிக்கணக்கில் விழ ஓர் ஏற்பாடு என்று கேட்கலாம். உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் காவல்துறையை அழையுங்கள்.

“அது அவர்கள் குடும்ப விவகாரம்” என்று மேலதிகாரிகள் ஒதுங்கலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் ஏற்ற 190-ஆவது உடன்படிக்கை, குடும்ப வன்முறை வேலையிடத்திலும் எதிரொலிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. அத்துடன் வந்த பரிந்துரையில் பாதிக்கப்பட்டவருக்கு விடுப்பு, வசதிக்கேற்ற வேலை நேரம், வேலைநீக்கத்திலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு எல்லாம் இருக்கின்றன. தைரியமாகக் கேளுங்கள்.

இனி உங்கள் வழக்கு. நம் நாடு, வெளிநாடு என்று கோடு கிழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற ஊழியர் பன்வாரி தேவி 1992-ல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அந்தக் கொடுமையையடுத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றம், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கான விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அதற்கெனத் தனிச்சட்டம் அப்போது இந்தியாவில் கிடையாது. நீதிபதிகளுக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்க 1979-ல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை. பல நாட்டுப் பெண்கள் போராடிப் பெற்றது அது. 2013-ல் வந்த சட்டத்துக்கும் இன்று அலுவலகங்களில் இருக்கும் புகார்க் குழுக்களுக்கும் அடித்தளம் அந்தத் தீர்ப்புதான்.

ஆகவே ஆப்கன் சிறுமிகளுக்கும் ஒரு பங்கு போகட்டும். 2021-ல் தாலிபான் ஆட்சி திரும்பியதிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மேல் அவர்களுக்குப் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் சாத்தப்பட்டது. ஆனாலும் அந்நாட்டுப் பெண்களே வீடுகளில் ரகசியமாகவும் இணையம் வழியாகவும் பாடம் நடத்துகிறார்கள். அப்படி ஆப்கன் பெண்களே நடத்தும் அமைப்பாகத் தேடிக் கொடுங்கள்; எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். பணம் கொடுத்ததற்குச் சாட்சியாகச் சிறுமிகளின் படம் மட்டும் கேட்காதீர்கள். முகம் வெளியே தெரிந்தால் அந்தக் குடும்பமே மாட்டிக்கொள்ளும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஏழு பெண்கள் இருக்கும் குழுவில் உங்கள் கருத்தையும் பொருளாளரின் கருத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழு பேர் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. 2003-ல் லைபீரியா உள்நாட்டுப் போரின் சமாதானப் பேச்சு கானாவின் தலைநகர் அக்ராவில் இழுத்துக்கொண்டே போனபோது, லேமா போவீ தலைமையில் லைபீரியப் பெண்கள் மண்டபத்தை மறித்து உட்கார்ந்தார்கள். உடன்பாடு காணாமல் யாரும் வெளியே போகக் கூடாது என்றார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2005 தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் அதிபராகத் தேர்வானார். நாட்டையே மீட்க முடிந்த பெண்களுக்கு மாதச் சந்தாவை நிர்வகிக்கத் தெரியாதா?

அடுத்த கூட்டத்திலேயே நீங்களும் பொருளாளரும் விலகி, இரு பொறுப்புகளையும் பெண்களிடம் கொடுங்கள். உறுப்பினராக இருந்து வாதாடுங்கள், வாக்களியுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் உரிமையையும் அன்றே மாற்றிக் கொடுத்துவிடுங்கள். அது உங்களிடமே இருந்தால் பதவி மாறியும் பயனில்லை.