கேரளத்தில் மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாட்டை எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கலாம்?

அதை ஆடே சொல்லிவிடும். எந்தக் காட்டு விலங்குக்கும் ஒரு விலகல் தூரம் உண்டு. அதற்குள் நாம் போனால் ஓடும், வழியில்லாவிட்டால் முட்டவும் வரும். முற்றத்துக் காகம் நாம் ஓர் எட்டு வைக்கும்வரை கொத்திக்கொண்டே இருந்து, அடுத்த எட்டில் பறந்துவிடும் இல்லையா, அதேதான். மேய்கிற வரையாடு தலையைத் தூக்கி, காதை நம் பக்கம் திருப்பி, மெல்லுவதை நிறுத்தினால் எல்லையைத் தொட்டுவிட்டோம். நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். பாறைச் சரிவில் தாய் பதறி ஓடினால் குட்டிக்குத்தான் ஆபத்து. குட்டி ஈனும் காலத்தில் பூங்காவை மூடுவதும் இதற்காகவே.

காலையில் புல்வெளியில் தேடுங்கள். வெயில் ஏறினால் பாறை நிழலில் படுத்துவிடும், பழுப்புத் தோல் பாறையோடு கலந்துவிடும்.

அப்புறம், பூங்காவில் பார்வையாளர்கள் போகும் ராஜமலைப் பாதையோரம் நம் பக்கத்திலேயே மேய்கிற ஆடு மனிதரைப் பார்த்துப் பழகியது, அவ்வளவுதான். வளர்ப்பு ஆடு அல்ல. தொடவோ தீனி கொடுக்கவோ கூடாது.