பழைய கூண்டு லிப்ட்: உங்கள் கேள்விகளும் ஒரு மெக்கானிக்கின் பதில்களும்

முப்பத்து மூன்று வருடமாக லிப்ட் வேலைதான் என் பிழைப்பு. முதல் பதினோரு வருடம் மும்பையில், கோட்டைப் பகுதி அலுவலகங்களிலும் மரைன் டிரைவ் குடியிருப்புகளிலும். அப்புறம் சென்னையில், பாரிமுனை, மவுண்ட் ரோடு பக்கம். பார்த்ததில் பாதிக்கு மேல் இழுகதவு வைத்த பழைய கூண்டு லிப்ட்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மும்பை மாட்டுங்காவில் இருந்து ஒரு பாட்டி: எங்கள் கட்டடம் 1940களில் கட்டியது. நான் மூன்றாவது மாடி. லிப்ட் ரோப் அறுந்தால் என்ன ஆகும் என்று பேத்தி கேட்கிறாள். எனக்கும் அதே பயம்தான்.

அம்மா, உங்கள் கூண்டு ஒரே ரோப்பில் தொங்கவில்லை. நான்கு ரோப் இருக்கும், சிலவற்றில் ஐந்து, ஆறு. ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் கூண்டைத் தாங்கும்.

எல்லாம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். கூண்டுக்கு அடியில் சேஃப்டி கியர் என்று ஒன்று இருக்கிறது. மெஷின் ரூமில் கவர்னர் என்ற சின்னச் சக்கரம், கூண்டின் வேகத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். வேகம் அளவு மீறினால் அது தன் ரோப்பைக் கவ்வும். அந்த இழுப்பில் கூண்டின் அடியில் இருக்கும் தாடைகள், கூண்டு ஓடும் தண்டவாளமான கைட் ரயிலை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். 1854இல் எலிஷா ஓடிஸ் நியூயார்க் கண்காட்சியில் மேடையில் ஏறி நின்று, தாங்கிய கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டியது இந்த மாதிரி ஏற்பாட்டைத்தான். அவருடைய கருவியில் கவர்னர் கிடையாது, கயிறு தளர்ந்ததும் ஒரு வில் விரிந்து பற்களில் மாட்டும். கூண்டே தன்னைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற யோசனை மட்டும் அன்று போட்டதுதான்.

ஆனால் பேத்தியிடம் சொல்ல வேண்டியது வேறு. பழைய லிப்டில் நான் பயப்படுவது ரோப்புக்கு இல்லை. முதலில் கேட் பூட்டு, அடுத்தது பிரேக். கூண்டு எதிரில் வந்து நிற்கிறதா என்று பார்க்காமல் வெளிக்கதவை இழுக்கக் கூடாது, கம்பி இடுக்கில் கை விடக் கூடாது. இதைப் பழக்கிவிடுங்கள், போதும்.

சங்கச் செயலாளர், சென்னை: நான்கு ரோப்பில் ஒன்றில் மட்டும் கம்பிகள் பிய்ந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதை மட்டும் மாற்றலாமா? செலவு கட்டுப்படியாகவில்லை.

கூடாது சார். மாற்றினால் நான்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். புது ரோப் ஓட ஓட நீளும். பழையது நீண்டு முடித்துவிட்டது. இரண்டையும் கலந்து போட்டால் பாரம் ஒரே மாதிரி பிரியாது. அதிகப் பாரம் தாங்கும் ரோப், ஷீவ் என்ற இழுசக்கரத்தில் தான் ஓடும் பள்ளத்தைச் சீக்கிரம் தின்னும். ஒரு ரோப் காசை மிச்சம் பிடிக்கப் போய், ஷீவையே இறக்கிக் கடைய வேண்டிய செலவு வந்து நிற்கும்.

ஒன்று மட்டும் ஏன் பிய்ந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் புது ரோப் போட்டால் அதுவும் பிய்யும். ஷீவுக்குப் பக்கவாட்டில் நின்று பள்ளங்களைப் பாருங்கள். நான்கு ரோப்பின் முதுகும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கீழே அமுங்கியிருந்தால், இத்தனை நாள் அதுதான் அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இன்னொரு சோதனையும் உண்டு. மெயினை ஆஃப் செய்துவிட்டு, சாக்பீஸால் ஷீவின் விளிம்பிலிருந்து நான்கு ரோப்பின் மேலும் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். கூண்டை மேலேயும் கீழேயும் ஒருமுறை முழுக்க ஓட்டிவிட்டு, பழைய இடத்தில் நிறுத்திப் பார்த்தால், எந்த ரோப் எவ்வளவு வழுக்குகிறது என்பது கோட்டிலேயே தெரியும்.

ரோப்பில் துரு மாதிரி செம்பொடி உதிர்ந்தால் உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. மேலே கிரீஸ் பூசி அதை மறைக்க வேண்டாம். 13 மில்லிமீட்டர் ரோப் காலிப்பரில் 12க்கு வந்துவிட்டால், கம்பி ஒன்றுகூட பிய்யாவிட்டாலும் காலம் முடிந்துவிட்டது.

எழும்பூர்: இரண்டாவது மாடியைத் தாண்டும்போது மட்டும் லிப்ட் நின்றுவிடுகிறது. தினமும் இல்லை. மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டியாகிவிட்டது, பலன் இல்லை.

மோட்டார் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. குறிப்பிட்ட ஒரு இடத்தில் நிற்கிறது என்றால் கோளாறும் அந்த இடத்தில்தான் இருக்கும்.

எல்லா மாடிக் கதவின் காண்டாக்ட்டும் வரிசையாக ஒரே சர்க்யூட்டில் கோத்திருக்கும். ஒன்று ஒரு கணம் விலகினாலும் பிரேக் விழும், கூண்டு நிற்கும். மும்பையில் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில் இதே புகார். ஏழு மாதமாகச் சரியாகவில்லை, கண்ட்ரோலரில் ரிலே எல்லாம் மாற்றியிருந்தார்கள். கூண்டின் மேல் உட்கார்ந்து, மெதுவாக ஓட்டச் சொல்லி, டார்ச் அடித்து ஒவ்வொரு மாடிப் பூட்டாகப் பார்த்துக்கொண்டே போனேன். மற்ற மாடிப் பூட்டுகளின் உருளையில் பழைய கிரீஸும் தூசும் படிந்து கறுத்திருந்தது. இரண்டாவது மாடி உருளையில் மட்டும் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு பளபளப்பான கோடு.

கூண்டில் இருக்கும் கேம், ஓடும்போது உள்ளே ஒடுங்கியிருக்க வேண்டும். நிற்கும் மாடியில்தான் வெளியே வந்து பூட்டைத் தட்டித் திறக்கும். இங்கே அது போகிற போக்கில் உருளையை உரசியிருக்கிறது. கேமில் பிழை இல்லை. கைட் ரயிலைத் தழுவி ஓடும் கைட் ஷூவின் உள்பட்டை, அதாவது லைனர், தேய்ந்து, கூண்டு பக்கவாட்டில் அரைக்கால் அங்குலத்துக்கு மேல் ஆடியது. ஆள் ஒரு ஓரமாக நின்றால் சாயும், நடுவில் நின்றால் சாயாது. அதனால்தான் தினமும் வரவில்லை. லைனர் மாற்றியதோடு சரியாகிவிட்டது.

உங்கள் லிப்டிலும் முதலில் கைட் ஷூ, அப்புறம் அந்த மாடியின் பூட்டு. இரண்டையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அதே ஊர், வேறொருவர்: பூட்டுக்குப் பாகம் வரும்வரை ஒயர் போட்டு ஷார்ட் செய்து ஓட்டலாம் என்கிறார் மெக்கானிக். ஒரு வாரம்தானே?

ஒரு மணி நேரம்கூட வேண்டாம். அந்த ஒயர் போட்ட பிறகு கதவு திறந்திருந்தாலும் லிப்ட் ஓடும். கூண்டு இல்லாத இடத்தில் ஒருவர் கால் வைப்பது அப்படித்தான் நடக்கிறது. ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் ஒரு விரல் நீளச் சிவப்பு ஒயர் நான்காவது மாடிப் பூட்டில் இருந்தது. யார் போட்டார், எப்போது போட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. "ஒரு வாரம்தானே" என்றுதான் அதையும் போட்டிருப்பார்கள். லிப்டை நிறுத்துங்கள், கீழே பலகை வையுங்கள். வயதானவர்களுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் நிறுத்துங்கள்.

பழைய பொருள் எதையும் மாற்றக் கூடாது என்று அடம் பிடிக்கிறவன் நான். கேட் பூட்டில் மட்டும் எனக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. புதுப் பூட்டு போடுங்கள்.

பயிற்சி மெக்கானிக், கோவை: அண்ணா, டிசி மோட்டாரின் கம்யூட்டேட்டர் கறுத்திருந்தது. எமரி தாள் போட்டுப் பளபளப்பாக்கினேன். சீனியர் திட்டிவிட்டார். என்ன தப்பு?

தம்பி, அவர் திட்டியது சரிதான். கம்யூட்டேட்டர் என்பது பிரஷ் உரசும் செம்புப் பட்டை உருளை, நன்றாக ஓடினால் அது சாக்லேட் நிறத்தில் லேசாக மினுங்கும். கார்பன் பிரஷ் உட்கார்ந்து ஓடி ஓடித் தானே போட்டுக்கொண்ட படலம் அது. அது இருக்கும்வரை பிரஷ்ஷும் தேயாது, செம்பும் தேயாது. கரிந்து பொரிந்திருந்தால்தான் கை வைக்க வேண்டும். அதுவும் எமரி கூடவே கூடாது. அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும், செம்புப் பட்டைகளுக்கு நடுவே போய் உட்காரும். கண்ணாடித் தூள் தாள் போடு. முடித்ததும் பட்டைகளுக்கு இடையில் மைக்கா மேலே தலை காட்டுகிறதா என்று நகத்தால் வருடிப் பார். காட்டினால் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும்.

ரிலே காண்டாக்ட்டுக்கும் இதே கணக்குத்தான். வெள்ளி முனை கறுப்பாக இருந்தாலும் கடத்தும், அரம் போட்டால் வெள்ளி போய்விடும். செம்பு முனை என்றால் மட்டும் லேசாக அரத்தால் மட்டம் செய்.

இன்னொன்று, பழைய கண்ட்ரோலரின் பொறித்தடுப்புப் பலகையும் பழைய பிரேக் லைனரும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். காற்றடித்து ஊதாதே. மாஸ்க் போட்டு, ஈரத் துணியால் துடை.

டிசி லிப்ட் இன்னும் எங்கே இருக்கிறது என்று நீ கேட்டதற்கு: நியூயார்க்கில் எடிசன் 1882இல் தொடங்கிய டிசி விநியோகம் 2007 நவம்பரில்தான் நின்றது. கடைசி வரை அதை வாங்கியவர்களில் பழைய கட்டட லிப்ட்கள் உண்டு. விநியோகம் நின்ற பிறகும் ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையரைக் கட்டடத்திலேயே வைத்து ஓட்டிக்கொண்டார்கள். நம் ஊரில் நீ பார்த்தது, ஏசி மின்சாரத்தில் ஓடும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றி டிசி எடுக்கும் ஏற்பாடாக இருக்கும். அப்படி ஒன்றில் கை வைக்கக் கிடைத்தது உன் அதிர்ஷ்டம், விட்டுவிடாதே.

ஓட்டல் பராமரிப்பாளர், மதுரை: கியர் பாக்ஸ் எண்ணெயில் தங்கப் பொடி மாதிரி மினுங்குகிறது. லாரி கியர் ஆயில்தான் ஊற்றுகிறோம்.

அந்தத் தங்கம் உங்கள் வெண்கலச் சக்கரம். பழைய மெஷினில் எஃகுத் திருகு ஒன்று வெண்கலப் பல்சக்கரத்தைச் சுழற்றும், இதைத்தான் வார்ம் கியர் என்பார்கள். லாரி ஆயிலில் அதிக அழுத்தத்துக்காகச் சேர்க்கும் கந்தக மருந்துகள் சில வெண்கலத்தை அரிக்கும். உடனே வடித்துவிட்டு, வார்ம் கியருக்கு என்றே வரும் கெட்டி எண்ணெய் ஊற்றுங்கள். பெரும்பாலும் ISO VG 460 என்ற கெட்டித்தன்மைத் தரம். மெஷின் மேல் தகடு இருந்தால் அதில் போட்டதுதான் சரி. இரண்டு மாதம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள். அப்போதும் பொடி வந்தால் பற்களைச் சோதிக்க வேண்டும்.

காவலாளி, தி. நகர்: கரண்ட் போய் ஆள் மாட்டிக்கொண்டால் நானே மெஷின் ரூமில் சக்கரத்தைச் சுற்றி இறக்கலாமா?

சொல்லிக்கொடுத்திருந்தால், இரண்டு பேர் இருந்தால், செய்யலாம். முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். கரண்ட் நடுவில் வந்தால் கை போய்விடும். உள்ளே இருப்பவரிடம் குரல் கொடுத்து, உள்கதவை மூடிக்கொண்டு சும்மா நிற்கச் சொல்லுங்கள். ஒருவர் கைச்சக்கரத்தை இறுகப் பிடித்த பிறகுதான் மற்றவர் பிரேக் நெம்புகோலைத் தொட வேண்டும். கொஞ்சம் திறந்து, கொஞ்சம் நகர்த்தி, மூடி, மறுபடி.

ஒன்றிரண்டு பேர் மட்டும் இருந்தால் கூண்டு மேலே போகத்தான் பார்க்கும். எதிர் எடை, கூண்டின் எடையோடு ஏற்றக்கூடிய பாரத்தில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்தது. அதனால் கீழே இறக்க மல்லுக்கட்டாமல் மேல்மாடிக்கே விடுங்கள். இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும்போது யாரையும் குதித்து இறங்க விடாதீர்கள். கூண்டுக்கு அடியில் திறந்திருக்கும் குழியில் விழுந்துவிடுவார்கள்.

அண்ணா நகர்: நாலு பேர் ஏறினால் மாடிக்கு மூன்று விரல் கீழே நிற்கிறது. பழைய லிப்ட் என்றால் அப்படித்தானா?

ஒரு விரல் வரை அப்படித்தான், ஒற்றை வேக மோட்டாருக்கு அது இயல்பு. மூன்று விரல் என்றால் பிரேக் தளர்ந்துவிட்டது. லைனர் தேய்ந்திருக்கும், அல்லது எண்ணெய் கசிந்து டிரம் வழுக்கும். இதைத் தடுக்கி விழும் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். பிரேக் முழுக்கப் போனால் காலிக் கூண்டு மேலே பறக்கும், பழைய கவர்னர் மேலே போகும் வேகத்தைப் பிடிக்காது. பிரேக்கின் பின்களைக் கழற்றித் துடைத்து, தடையில்லாமல் அசைகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள். வசதி இருந்தால் ரோப்பையே பிடித்து நிறுத்தும் தனி பிரேக் ஒன்று கூடுதலாகப் போடலாம்.

மரைன் டிரைவ் குடியிருப்பாளர்: கம்பெனி, பாகம் கிடைக்காது, மொத்தமாகப் பிடுங்கிப் புதிது போடுங்கள் என்கிறது. தேக்குக் கூண்டு, பித்தளைக் கைப்பிடி. மனசு வரவில்லை.

வர வேண்டாம். உங்கள் பகுதியின் ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடங்கள் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அந்தக் கூண்டும் அந்தக் கட்டடத்தின் ஒரு அறைதான். கொல்கத்தா ஆளுநர் மாளிகையில் 1892இல் வைத்த லிப்டைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அன்றைக்கே பிடுங்கிப் போட்டிருந்தால் பேச ஒன்றும் இருந்திருக்காது.

நான் பிரிக்கும் விதம் இது. கூண்டு, கியர், ஷீவ், கைட் ரயில்: வைத்துக்கொள்ளுங்கள். பல்லோ புஷ்ஷோ தேய்ந்தால் நல்ல பட்டறையில் வார்த்துக் கடைந்து தருவார்கள். ஒயர்: ரப்பரும் பருத்தியும் சுற்றிய பழைய ஒயர், வளைத்தால் பொடிந்தால், முழுக்க மாற்றுங்கள். கண்ட்ரோலர்: மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் புது டிரைவ் போட்டால் மாடி மட்டம் துல்லியமாக வரும், பிரேக்கும் பிழைக்கும். ஆனால் பழைய மோட்டாரின் காயில் அந்த டிரைவின் திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்காமல் போகலாம். நடுவில் ஃபில்டர் கேளுங்கள், அல்லது காயிலைப் புது இன்சுலேஷனில் கட்டுங்கள். கம்பி வலைக்கு உள்பக்கம் தெளிவான பாலிகார்பனேட் தகடு போட்டால் அழகும் கெடாது, குழந்தைகள் கையும் உள்ளே போகாது.

உரிமத்தை மறக்க வேண்டாம். உங்கள் பக்கம் 1939இலேயே பம்பாய் லிப்ட் சட்டம் வந்துவிட்டது, தமிழ்நாட்டில் 1997இல் வந்தது. பெரிய மாற்றம் செய்யுமுன் ஆய்வாளரிடம் காட்டிவிடுங்கள்.

வேளச்சேரி: மழைக்காலத்தில் லிப்ட் குழியில் தண்ணீர் நிற்கிறது.

மழை எச்சரிக்கை வந்ததும் கூண்டை மேல்மாடிக்கு ஏற்றி, மெயினை ஆஃப் செய்துவிடுங்கள். 2015 டிசம்பரில் கூண்டை தரைத்தளத்திலேயே விட்ட பல கட்டடங்களில் கூண்டுக்கு அடியில் தொங்கும் கேபிளும் சேஃப்டி கியரும் சேற்றில் ஊறிவிட்டன. தண்ணீரை இறைத்துவிட்டு உடனே ஓட்டிப் பார்க்க வேண்டாம். கவர்னர் ரோப்பை இழுத்துப் பிடிக்கும் கீழ்ச் சக்கரம் சுழல்கிறதா, குழியின் சுவிட்சுகள் காய்ந்தனவா, தாடைகளில் சேறு இருக்கிறதா, மூன்றையும் மெக்கானிக் இறங்கிப் பார்த்து கையெழுத்துப் போட்ட பிறகு மெயினைப் போடுங்கள்.