பைன் காட்டுப் பிசாசு – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பைன் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும் ‘ஜெர்சி டெவில்’ பற்றி எங்கள் நண்பர்கள் குழுவில் பெரிய விவாதம். 1735இல் லீட்ஸ் என்ற பெண், பதின்மூன்றாவது முறை கருவுற்றபோது வெறுத்துப்போய் “இது பிசாசாகவே பிறக்கட்டும்” என்றாளாம். குதிரை முகமும் வௌவால் சிறகுமாகப் பிறந்த குழந்தை புகைபோக்கி வழியாகப் பறந்து காட்டுக்குள் போய்விட்டதாம். “படிக்காத காட்டுவாசிகள் கட்டிய கதை” என்கிறார் ஒரு நண்பர். அப்படியென்றால் 1909இல் ஊர் ஊராகப் பார்த்ததாகச் சொன்னார்களே, அது? உங்கள் கருத்து என்ன?

ச.

அன்புள்ள ச.,

அப்படி ஒரு பிராணி இல்லை. ஆனால் உங்கள் நண்பர் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். இந்தப் பிசாசை வளர்த்ததில் காட்டுக்காரர்களைவிட அச்சகம் வைத்திருந்தவர்களுக்குத்தான் பங்கு அதிகம்.

லீட்ஸ் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் டேனியல் லீட்ஸ் என்பவரிடம் வந்து நிற்போம். 1687இல் பஞ்சாங்கம் வெளியிட்டவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். அதில் ஜோதிடம் இருக்கிறது என்று அவருடைய சபையே கோபப்பட்டது. அவரும் சும்மா இருக்கவில்லை, சபையை விட்டு விலகி அவர்களைத் தாக்கி எழுதினார். பதிலுக்கு 1700இல் அவரைச் சாத்தானின் தூதன் என்று தலைப்பிலேயே திட்டி ஒரு பிரசுரம் வந்தது. அவர் மகன் டைட்டன் பஞ்சாங்கத் தொழிலைத் தொடர்ந்தார். அதில் அச்சான குடும்பச் சின்னத்தில் இருந்ததோ சிறகு முளைத்த டிராகன் போன்ற உருவங்கள்! பிறகு போட்டிக்கு வந்தவர் சாதாரண ஆள் இல்லை, பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். 1733க்கான தன் பஞ்சாங்கத்தில், அந்த வருடம் அக்டோபர் 17 அன்று டைட்டன் லீட்ஸ் இறந்துவிடுவார் என்று கணித்தார். நாள் கடந்தும் டைட்டன் உயிரோடு இருந்து ஆத்திரத்துடன் மறுத்தபோது, அவர் செத்துவிட்டார், எழுதுவது வேறு யாரோ என்கிற தொனியில் கேலியைத் தொடர்ந்தார். டைட்டன் உண்மையில் இறந்தது 1738இல்.

இந்தப் பழைய பகைதான் ‘லீட்ஸ் பிசாசு’ ஆனது என்கிறார் வரலாற்றாசிரியர் பிரையன் ரீகல். எனக்கு அது நம்பும்படியாக இருக்கிறது. எரிச்சலூட்டுவது வேறொன்று: சண்டை போட்டவர்கள் எல்லோரும் ஆண்கள், கதையில் பழி சுமப்பவள் பெற்றுப் பெற்றுக் களைத்துப்போன ஒரு பெண்.

காட்டுக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மண் அமிலத்தன்மை கொண்ட மணல், வழக்கமான விவசாயம் சரிப்படாது. சதுப்பில் கிடைத்த இரும்புத்தாது, கரி, கண்ணாடி என்று பிழைப்பு ஓடியது. அந்தத் தொழில்கள் நொடித்தபோது அங்கேயே தங்கிவிட்ட ஏழைகளைப் ‘பைனிகள்’ என்று இளக்காரமாக அழைத்தார்கள். 1913இல் எலிசபெத் கைட் என்ற ஆய்வாளர் அவர்களைப் பிறவியிலேயே புத்தி குறைந்தவர்களாகவும் ஒழுக்கம் கெட்டவர்களாகவும் காட்டி எழுதினார். அதைப் படித்த நியூ ஜெர்சி ஆளுநர் ஃபீல்டர், அவர்களைத் தனிமைப்படுத்த வேண்டும் என்று பேசினார். பிசாசுக் கதையைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காட்டில் பிசாசு உண்டு என்று நம்பும் நகரத்துக்கு, அங்கே வாழும் மனிதர்களைப் பற்றி எதையும் நம்புவது கஷ்டமில்லை.

சரி, 1909 ஜனவரி. பனியில் விசித்திரமான குளம்புத் தடங்கள் என்று செய்தி வந்தது. அப்புறம் ஒரு வாரம் பத்திரிகைகளுக்குத் தீனி. பள்ளிகள்கூட மூடப்பட்டன. தடங்களை எல்லாம் ஒருவரே போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பனி உருகி உறையும்போது சாதாரண விலங்கின் தடமே அகன்று உருமாறிவிடும். ஒரு செய்தியைப் படித்துவிட்டு வெளியே வந்தவர் கண்ணுக்கு, இருட்டில் எழும் பெரிய பறவையும் வேறாகத் தெரியும். அதற்காக அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

பொய்யர்களும் இருந்தார்கள். பிலடெல்பியாவில் ஒரு காட்சிசாலைக்காரர்கள் கங்காருவுக்குச் சிறகு ஒட்டி, வண்ணம் பூசி, பிடிபட்ட பிசாசு என்று காட்டிக் காசு பார்த்தார்கள். டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் படித்த நகரத்து ஜனங்கள். உங்கள் நண்பருக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.