45 மெகாபிக்சல் கேமரா பாடிக்கு, கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸ் போதுமா?

போதும், பாடி வீணாகாது. ஆனால் லென்ஸில் ஒளி நுழையும் துளையை முழுக்கத் திறந்து எடுத்தால் ஓரங்களில் அந்த 45 மெகாபிக்சலின் விவரம் கிடைக்காது.

வீட்டுக்குள் எடுத்த படங்களைப் பெரிதாக்கினால் எல்லாமே மங்கல் என்கிறீர்களே, அதில் எனக்கு லென்ஸைவிட ஷட்டர் வேகத்தின் மேல்தான் சந்தேகம். கிட் லென்ஸை ஜூம் செய்தால் துளை பெரும்பாலும் எஃப் 5.6ஐவிட அகலமாகத் திறக்காது (எஃப் எண் குறைந்தால் துளை பெரிது), வெளிச்சம் போதாமல் ஷட்டர் 1/30 நொடிக்கு இறங்கிவிடும், கை லேசாக ஆடினாலும் இத்தனை பிக்சலில் அது அப்படியே தெரியும். ஆள் அசைந்தாலோ, கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசரும் உதவாது.

ஒரு சோதனை செய்யுங்கள். கேமராவை டிரைபாடில் வைத்து, ஸ்டெபிலைசரை அணைத்து, சுவரில் ஒட்டிய செய்தித்தாளை எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100, 2 நொடி டைமரில் எடுங்கள். அப்புறம் நடுப்பகுதியை 100 சதவீதத்தில் பாருங்கள். எழுத்து கூர்மையாக இருந்தால் லென்ஸ் சரி, வீட்டுக்குள் ஷட்டர் வேகம் கூட ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றி எடுங்கள். ஒரு பக்க ஓரம் மட்டும் மங்கினால், கேமரா சுவருக்கு நேராக இருந்ததா என்று பார்த்துவிட்டு லென்ஸைச் சந்தேகப்படலாம்.

ஒன்று மட்டும் கவனம்: உங்கள் கிட் லென்ஸ் ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சாருக்கான லென்ஸாக இருந்தால், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் பாடி படத்தை வெட்டிவிடும், 45 மெகாபிக்சல் சுமார் 20 ஆகிவிடும். அப்படியானால் லென்ஸை மாற்றத்தான் வேண்டும்.