படகுக்கு வண்ணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கடலூர் முதுநகரில் படகுகளுக்கு வண்ணம் அடித்துப் பெயர் எழுதுவது என் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் கையில் தூரிகை இருக்கும். அப்போது வந்த கேள்விகள் இவை.

தேவனாம்பட்டினம் தம்பி: அண்ணே, பழைய கட்டுமரங்களில் ஏன் வண்ணமே இல்லை?

கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். ஊறிய மரம் காய்ந்தால்தான் அடுத்த முறை நன்றாக மிதக்கும். பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பலகை வள்ளத்துக்கு மீன் எண்ணெயோ முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயோ பூசினார்கள். பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கும்போது முந்திரிக்கா பஞ்சம்? அந்தக் கருஞ்சிவப்பு மினுமினுப்புக்கு எந்த டப்பா பெயின்டும் ஈடில்லை என்பேன்.

பரங்கிப்பேட்டை ஐயா: விசைப்படகின் அடிப்பக்கம் ஏன் சிவப்பு?

கொட்டலசு என்னும் ஓடுள்ள சின்னக் கடலுயிரும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்டில் செம்பு ஆக்சைடு சேர்ப்பார்கள். அதன் நிறம் அது. உப்பனாற்றில் நாள்கணக்கில் நிற்கும் படகுக்கு அது வேண்டும். தினமும் மணலில் இழுத்துப் போடும் பைபர் படகுக்குத் தேவையில்லை.

வீராம்பட்டினம் அண்ணன்: புது பைபர் படகில் எழுதிய பெயர் ஆறே மாதத்தில் உரிந்துவிட்டது.

படகை வார்த்த அச்சிலிருந்து கழற்ற வசதியாகப் பூசிய மெழுகு மேலே ஒட்டியிருந்திருக்கும். முதலில் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். அப்புறம் பளபளப்பு போகும்வரை உப்புத்தாள், அதன்மேல் எபாக்சி பிரைமர் என்னும் அடிப்பூச்சு.

புதுச்சேரித் தங்கை, ஓவிய மாணவி: இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளில் ரோஜாவும் கோட்டையும் வரைவார்களாமே, நம் படகில் வரையலாமா?

தாராளமாக வரையலாம்மா. அவை சுமார் 7 அடி அகலமும் 70 அடி நீளமுமான சரக்குப் படகுகள். 19ஆம் நூற்றாண்டில் படகோட்டியின் குடும்பமே பின்பக்கத்துச் சின்ன அறையில் குடியிருந்தது. கதவு, தண்ணீர்ப் பாத்திரம் என்று கைபடும் இடமெல்லாம் ரோஜா.

அந்த வேலைமுறை எனக்கு உயிர். முதலில் அடர்நிறத்தில் ஒரு வட்டம். அது காய்ந்ததும் தூரிகை நிறைய வெளிர்நிறம் தொட்டு, ஒரு இதழுக்கு ஒரே இழுப்பு. அழுத்தித் தொடங்கி மெல்லத் தூக்கினால் நுனி தானாகக் கூராகும். மறுபடி தொட்டால் இதழ் செத்துவிடும். 'ழ' எழுதும்போது கடைசிச் சுழிக்கு நான் செய்வதும் இதேதான். அதனால்தான், ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறேன் என்று வரும் படகுக்காரர்களோடு மல்லுக்கு நிற்கிறேன். ஸ்டிக்கரில் எந்தக் கை எழுதியது என்று தெரியாது. கையெழுத்தில் தெரியும், கரையில் நிற்பவர்கள் தூரத்திலேயே படகைச் சொல்லிவிடுவார்கள்.

பழைய தகர மூடியில் ஐம்பது இதழ் போட்டுப் பழகிவிட்டு, கேபின் கதவில் வரை. ரோஜாதான் வேண்டுமென்பதில்லை, நம் தாமரைக்கும் அதே இழுப்புதான். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், பதிவு எண் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடு.