சொற்காவிகள்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: பழைய பத்திரிகைக் கட்டுரைகளைத் திரட்டி வேர்ட்2வெக் மென்பொருளில் சொற்காவிகளை, அதாவது ஒவ்வொரு சொல்லையும் குறிக்கும் எண் வரிசைகளை, பயிற்றினேன். 'உயர்வு' என்பதற்கு ஆக நெருங்கிய சொல்லாக 'வீழ்ச்சி' வருகிறது. 'வைத்தியசாலைக்கு' இருக்கிறது, 'வைத்தியசாலையிலிருந்து' இல்லவே இல்லை. எங்கே பிழை?
- பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை

பதில்: முதலாவது பிழையே அல்ல. 2013இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்த முறை, ஒரு சொல்லின் அயலில் எவை வருகின்றன என்பதை மட்டுமே பார்க்கிறது. 'ரூபாவின் பெறுமதியில் ___ ஏற்பட்டுள்ளது' என்ற இடத்தில் இரண்டும் பொருந்துவதால், அவற்றின் காவிகளுக்கு இடையிலான கோணம் சிறுத்து, அவை நெருங்கிய சொற்களாகிவிடுகின்றன. சாளரத்தை (இருபுறமும் பார்க்கும் அயற்சொற்களின் எண்ணிக்கையை) 5இலிருந்து 10 ஆக்கினால் 'வட்டி', 'இறக்குமதி' போன்ற தலைப்புச் சொற்கள் முன்னுக்கு வரலாம். எதிர்ச்சொல் அதனால் பிரியாது. எதிர்ச்சொற் பட்டியலொன்றைக் கையால் தயாரித்து, பயிற்றிய பிறகு அந்தச் சோடிகளை விலக்குவதே வழி.

இரண்டாவதுக்குக் காரணம், 5 தடவைக்குக் குறைவாக வரும் சொல்லை மென்பொருள் கழித்துவிடுவது. வேற்றுமை உருபுகளால் சிதறும் தமிழுக்கு இது பெரிய இழப்பு. சொல்லைத் துண்டுகளாக்கிப் படிக்கும் ஃபாஸ்ட்டெக்ஸ்டுக்கு மாறுங்கள். காணாத சொல்லுக்கும் அது காவி தரும். ஆனால் அதன் வழக்கமான துண்டு நீளமான 3 முதல் 6 என்பது யுனிகோட் குறிகளின் (கணினி எழுத்தைப் பதியும் அலகுகளின்) கணக்கு. 'வைத்தியசாலை' நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 11 குறி. மேல் எல்லையை 8 அல்லது 9 ஆக்கிப் பாருங்கள். 300 பரிமாணத்தில், அதாவது ஒரு காவிக்கு 300 எண்கள் என்றால், துண்டுகளின் அட்டவணைக்கே ஏறத்தாழ 2.4 ஜிகாபைட் நினைவகம் போகும். மடிகணினியென்றால் 100 பரிமாணத்தில் தொடங்குங்கள்.

அதற்கு முன் எழுத்தைச் சுத்தமாக்குங்கள், இதில் அவசரப்படவே கூடாது. நம் நாட்டுப் பழைய கோப்புகளில் பல பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. யுனிகோடுக்கு மாற்றாவிட்டால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். மாற்றிய பிறகும் 'கொ' இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கும்: ஒற்றைக் குறியாக 'ொ', அல்லது 'ெ', 'ா' என இரண்டாக. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வெவ்வேறு சொற்கள். இத்தகைய பதிவுகளை ஒரே வடிவாக்கும் யுனிகோட் முறையான என்எஃப்சி இயல்பாக்கம் அதைச் சரிசெய்யும். 'கௌரவம்' என்பதை 'ள' போட்டு 'கெளரவம்' என்று அடித்திருந்தால் அது சரிசெய்யாது. அவற்றைத் தேடித்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: 'ஆறு' நதியா, எண்ணா என்று சொற்காவிக்குத் தெரியுமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தெரியாது. ஒரு வடிவத்துக்கு ஒரே காவி; அதிகம் வந்த பொருளின் பக்கம் அது சாயும். 2018இல் வந்த பேர்ட் போன்ற மொழி மாதிரிகள் வாக்கியத்துக்கு வாக்கியம் வேறு காவி தருகின்றன. அதன் பன்மொழி மாதிரியில் தமிழும் உண்டு. அது நீளமான சொல்லைப் பல துண்டாக்கும். அத்துண்டுகளின் காவிகளைச் சராசரியாக்கிப் பயன்படுத்துங்கள்.