போர்ட்டபிள் எக்ஸ்ரேயை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் படம் வெளுப்பது ஏன்? ரேடியோகிராபி மாணவருக்கு மின்சாரம் எவ்வளவு தெரிய வேண்டும்?

ராயபுரம் பக்கம் வார்டு போஸ்டிங்கில் இருக்கும் முதலாண்டு மாணவர் கேட்டிருக்கிறார்: அதே கேவி (டியூபுக்குக் கொடுக்கும் கிலோவோல்ட்), அதே எம்ஏஎஸ் (மில்லிஆம்பியர் × விநாடி) வைத்தும் எக்ஸ்டென்ஷன் போட்டு எடுத்த நெஞ்சுப் படம் மட்டும் வெளுத்து வருகிறதே, ஏன்? மின்சாரப் பாடத்தில் எதைப் படிப்பது என்றும் கேட்கிறார். முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

பழைய ரக 60 எம்ஏ (மில்லிஆம்பியர்) போர்ட்டபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 70 கேவியில் 70 × 60 = 4,200 வாட். சிங்கிள் ஃபேஸ் மெஷின் என்பதால் 0.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3 கிலோவாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். அதன் ப்ளக் ஃபேன் ப்ளக் மாதிரி சின்னதாக இல்லாமல் ஏசி ப்ளக் மாதிரி பெரிதாக இருப்பது இதனால்தான்.

இப்போது பாரிமுனையில் மலிவாக வாங்கிய 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன். உள்ளே 0.75 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்றால், போக வர 40 மீட்டருக்கு மின்தடை சுமார் 1 ஓம். 13 ஆம்பியர் × 1 ஓம் = 13 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. மெஷினுக்குக் கிடைப்பது 217 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் இதே விகிதத்தில்தான் உயர்த்தும், ஆகவே 70 கேவி என்று வைத்தது 66 ஆகிவிடும். 4 கேவிதானே என்று விடக்கூடாது. நோயாளியைத் தாண்டி ஃபிலிமுக்கு வரும் கதிரின் அளவு கேவியின் நான்காம் அடுக்கை ஒட்டி மாறும். கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ஃபிலமென்டுக்கு (டியூபில் சூடாகி எலக்ட்ரானை விடும் கம்பி) ஸ்டெபிலைசர் இல்லாத மெஷினில் அதன் சூடும் இறங்கி எம்ஏவும் குறையும். ஃபிலிமில் இது வெளுப்பாகத் தெரியும். டிஜிட்டல் முறைகளான சிஆர், டிஆரில் கம்ப்யூட்டர் பிரகாசத்தைச் சரிக்கட்டிவிடுவதால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

‘ஆனால் பேனலில் வோல்டேஜ் காட்டும் முள் சரியாகத்தானே நின்றது?’ பலர் ஏமாறும் இடம் இது. எக்ஸ்போஷருக்கு முன் மெஷின் இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான். கரண்ட் ஓடாத வயரில் வோல்டேஜ் விழாது. லைன் வோல்டேஜ் குமிழைத் திருகி முள்ளைக் கோட்டில் நிறுத்திவிட்டு பட்டனை அழுத்துகிறீர்கள். வோல்டேஜ் விழுவது அந்த அரை விநாடியில் மட்டும்தான். முதலில் மின்சாரத்தைச் சேமித்துக்கொண்டு பிறகு எக்ஸ்போஷர் கொடுக்கும் பேட்டரி, கெப்பாசிட்டர் ரக மெஷின்களில் இந்தத் தொல்லை கிடையாது.

மேலே வயருக்குப் போட்டது ஓம் விதி. அதே விதியை எக்ஸ்ரே டியூபுக்குள் போடாதீர்கள். தெருவில் அடிபம்பை வேகமாக அடித்தால் தண்ணீர் கூட வரும். டியூபில் கேவியைக் கூட்டினால் எலக்ட்ரான் வேகமாகப் போய் மோதுமே தவிர, எண்ணிக்கை அந்த அளவுக்குக் கூடாது. எத்தனை எலக்ட்ரான் என்பதை ஃபிலமென்டின் சூடுதான் முடிவு செய்கிறது. அதற்குத் தனி ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர், சுமார் 10 வோல்ட், 3 முதல் 5 ஆம்பியர். கேவிக்கு வேறு சர்க்யூட், எம்ஏவுக்கு வேறு சர்க்யூட் என்பது மனதில் பதிந்தால் பிளாக் டயகிராம் தானாக வரும். குறைந்த கேவியில் ஃபிலமென்டைச் சுற்றி எலக்ட்ரான்கள் மேகம்போல் தேங்கும். அங்கே மட்டும் கேவி எம்ஏவைக் கொஞ்சம் பாதிக்கும்.

வைவாவில் மாட்டிவிடும் இரண்டு விஷயம். எம்ஏஎஸ் என்பது கரண்ட் அல்ல, மின்னூட்டம்: 10 எம்ஏஎஸ் என்றால் 0.01 கூலும். அடுத்தது, 230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் மதிப்பு (ஏசியின் ஒருவகைச் சராசரி), உச்சம் 325. 1:300 டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு தரும் என்று கேட்டால் 69 கேவி என்று நிறுத்தாதீர்கள். கேவிபி உச்சத்தைக் குறிப்பதால் விடை 97.5. ஏசியை ஒரே திசைக்கு மாற்றும் ரெக்டிஃபயரைப் பொறுத்தவரை, 50 ஹெர்ட்ஸில் நான்கு டயோடு போட்டால் விநாடிக்கு 100 துடிப்பு என்பது இப்போதைக்குப் போதும். கிர்ச்சாஃப் விதிகளுக்குப் பரீட்சையில் மார்க் உண்டு, வார்டில் வேலை இல்லை.

எர்த்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஆர்சிசிபி என்ற கசிவுத் தடுப்பு சுவிட்ச் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே கரண்ட்டை வெட்டும். உயிருக்கு ஆபத்து தொடங்குவது அந்த அளவை ஒட்டித்தான். டியூபில் ஓடுவது அதைவிட இரண்டு மடங்கு. மூன்றாவது பின்னை உடைத்தோ, டூ பின் அடாப்டர் மாட்டியோ மெஷினை ஓட்டினால், உள்ளே கசிவு வரும்போது மெஷினைத் தொடுபவர் உடம்புதான் எர்த். காசிமேடு, ராயபுரம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் எர்த் குழியின் போல்ட் சீக்கிரம் அரித்துப்போகும். பார்வைக்கு இணைப்பு இருக்கும், தடை ஏறியிருக்கும். மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும்.

வார்டில் செய்ய வேண்டியது: முடிந்தவரை சுவரிலுள்ள பவர் ப்ளக்கிலேயே நேராகப் போடுங்கள். வழியில்லை என்றால் 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் கேபிள், நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதே 20 மீட்டருக்கு இதில் 4 வோல்ட்தான் விழும். சுருளை முழுக்கப் பிரித்து விடுங்கள். சுருட்டியபடி தொடர்ந்து எடுத்தால் உள்வயர் சூடேறி இன்சுலேஷன் இளகும். பெட் பக்கத்தில் வென்டிலேட்டரோ சிரிஞ்சு பம்போ ஓடும் பாக்ஸில் எக்ஸ்ரேயைச் சேர்த்து மாட்டவே கூடாது. ஃபியூஸ் போனால் அவற்றுக்கும் கரண்ட் போய்விடும்.